பல்லாவரத்துக் கல்லும் குன்னத்துக் கல்லும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கிணற்று ஆழத்துக்குத் தோண்டினாலும் பாறை தட்டுப்படாது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல், கடல் ஒதுக்கிய மணல், இடையிடையே களிமண். வடசென்னையின் நிலம் இவ்வளவுதான். பாறை தரைக்கு மேல் தலைகாட்டுவது அடையாற்றுக்குத் தெற்கேதான்: பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர். ஆகவே வடசென்னைக் கரையில் கண்ணில் படும் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்தோ வண்டியேறி வந்த கல்.

இந்த வரத்து புதிதல்ல. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானம் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டதைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. கட்டிய தச்சன் பெயரையும் அது விட்டுவிடவில்லை: இரவி என்ற வீரசோழத் தச்சன். அந்தக் கல்லும் வந்த கல்தான். 1856இல் ராயபுரம் நிலையத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி வேண்டியிருந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகத்துக்கோ மலைமலையாகக் கல் வேண்டியிருந்தது. பல்லாவரம் குவாரிகளில் உடைத்த கல்லைக் கடலில் கொட்டிப் படுகையாக்கி, அதன்மேல் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, வில்லியம் பார்க்ஸின் வரைபடப்படி இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அதன் பெரும்பகுதியைச் சாய்த்தது. மறுபடி கட்டினார்கள்.

துறைமுகத்தின் கைகள் நீண்டதும் கரையின் கணக்கு மாறிப்போனது. இந்தக் கடற்கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. வழியில் சுவர் வந்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையை இழந்தன. கட்டுமரம் ஏற்றிவைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போனது, தெருக்கள் போயின, வீடுகள் போயின. பதிலுக்கு அரசு கொட்டியது கல். நீளவாக்கில் அலைத் தடுப்புச் சுவர். பிறகு, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை வடிவமைத்தபடி, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள்.

இன்று இந்தக் கரையில் புழங்கும் கற்களில் கருநிறக் கற்கள் இரண்டு வகை. ஒன்று, சுவரிலும் தூண்டில் வளைவிலும் டன் கணக்கில் கிடப்பது: சார்னோக்கைட். மற்றொன்று, மெருகேறிய பாளமாகவும் சதுரம் வெட்டிய பெருங்கட்டியாகவும் துறைமுகம் வழியே கப்பலேறிப் போவது: டோலரைட். வியாபாரத்தில் ‘பிளாக் கிரானைட்’ என்பது பெரும்பாலும் இதுதான். நனைந்தால் இரண்டும் ஒரே கருப்பு. ஆனால் ஒன்று பூமியின் மேலோட்டுக்குள் ஆழத்தில், நீரில்லாச் சூழலில், எண்ணிப் பார்க்க முடியாத நிதானத்தில் உருவானது. மற்றொன்று அதைவிடக் கீழேயிருந்து சீறி வந்து, ஒரு விரிசலுக்குள் மாட்டி, சில ஆண்டுகளில் இறுகியது. இந்தப் பிறப்பு வேறுபாடு இன்று எண்ணூர் கரையில் எத்தனை டன் கல் கொட்டவேண்டும் என்ற கேள்விவரை வந்து நிற்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கல்லறையிலிருந்து வந்த பெயர்

கல்கத்தாவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் இறந்தார். கல்கத்தா வங்காள வண்டலில் அமைந்த ஊர். அங்கேயும் கல் கிடையாது. அவர் கல்லறைக்கான பலகைக்கல் சென்னைப் பக்கமிருந்து கடல்வழி போனது. 200 ஆண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் புனித ஜான் தேவாலய வளாகத்திலிருக்கும் அந்தக் கல்லை ஆராய்ந்தார். அது பரங்கிமலை, பல்லாவரம் பாறையோடு ஒத்துப்போனது. அதுவரை தனிப்பெயர் இல்லாத அந்தப் பாறைக்கு 1893இல் அவர் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் வந்த அவருடைய பெரிய ஆய்வு நூல் நீலகிரி, சேர்வராயன் மலை, பல்லாவரம் எல்லாவற்றையும் ஒரே பாறைக் குடும்பமாக உலகுக்குக் காட்டியது. நார்வே, சுவீடன், இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா என்று எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் இன்றும் அதே பெயர்தான். ஆஸ்திரேலியாவின் மாசன் ஆய்வு நிலையம் அண்டார்க்டிகாவில் அமர்ந்திருப்பது சார்னோக்கைட்டின் மேல். பெயரின் மூலஇடமோ நம் ஊர் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப் போய்ப் பார்க்கும் சென்னைவாசிகள் இன்னும் பலராக வேண்டும்.

சார்னோக்கைட்டில் என்ன இருக்கிறது? குவார்ட்ஸ், பொட்டாசிய ஃபெல்ஸ்பார், சோடியம்-கால்சியம் கலந்த பிளேஜியோகிளேஸ், கொஞ்சம் காந்தக்கல். இவ்வளவோடு நின்றால் சாதாரண கிரானைட். சார்னோக்கைட்டைச் சார்னோக்கைட் ஆக்குவது ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கனிமம். கிரானைட்டில் அந்த இடத்தில் கருப்பு மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ இருக்கும். அவை இரண்டும் தம் படிகக் கட்டமைப்புக்குள் நீரைப் பிடித்துவைப்பவை. ஹைப்பர்ஸ்தீனில் நீர் இல்லை. பாறை உருவான இடத்தில் நீர் மிகக் குறைவாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இதன் நிறம் ஒரு புதிர். வேதியியல்படி சிலிக்கா நிறைந்த, வெளிறிப் போயிருக்கவேண்டிய பாறை இது. சிலிக்கா 70 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை மினுக்கம். இருண்ட கனிமம் அதிகம் என்பதால் வந்த கருமை அல்ல இது. ஃபெல்ஸ்பாரே பசும்பழுப்பாக இருக்கிறது, குவார்ட்ஸே நீலம் பாய்ந்து நிற்கிறது. வெயிலும் மழையும் பட்டு நாளானால் மேல்தோல் வெளுத்துப் பழுப்பேறும். ஜல்லி ஆலையில் அரைபட்டால் தூள் வெளிர்நிறமாகப் பறக்கும்.

பல்லாவரம் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதைப் பக்குவப்படுத்திய ஆழம் 20 கிலோமீட்டருக்கும் அதிகம், வெப்பம் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ். மேலே கிடந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரித்துத் தேய்ந்துபோன பின்னரே அது பரங்கிமலையாக வெளியே வந்தது.

ஆனால் இது தீப்பாறைதானா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வழக்கு இது. இதில் நம் நாட்டவர் இருவரின் பங்கு பெரிது என்பதால் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அமிலத்தன்மை கொண்ட வெளிறிய வகையிலிருந்து இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கரிய வகை வரை எல்லாமே ஒரே கற்குழம்பிலிருந்து படிப்படியாகப் பிரிந்தவை என்றார் ஹாலண்ட். 1955இல் ஆர். ஏ. ஹோவி சென்னைப் பாறைகளை வேதியியல் முறையில் அலசினார். குழம்பு உறைந்து பிறந்த பாறைதான், ஆனால் ஆழத்திலேயே மறுபடியும் வெந்து படிகம் மாறியது என்பது அவர் கண்டது. 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரத்தை மீண்டும் வரைபடமிட்டு, ஹாலண்டின் பெருங்குடும்பத்தைப் பிரித்தார். கரிய வகைகள் வேறு பாறைகள், சார்னோக்கைட் என்ற பெயர் அமில வகைக்கு மட்டுமே உரியது என்றார். அடுத்த ஆண்டே சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல் மலையிலிருந்து வேறொரு செய்தியோடு வந்தார். அங்கே சாம்பல்நிற நைஸ் பாறையின் விரிசல்களை ஒட்டி, திட்டுத் திட்டாகக் கரும்பச்சை படர்ந்திருந்தது. உருகாமலே, இருந்த இடத்திலேயே, நைஸ் சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோன காட்சி அது. இலங்கையின் குருநாகல் பகுதியிலும் பிறகு இதே போன்ற பாறை கிடைத்தது. ஆழத்திலிருந்து ஏறிய கரியமிலவாயு நீரை விரட்டியதால் இந்த மாற்றம் நிகழ்ந்தது என்ற விளக்கம் 1980களில் வலுப்பெற்றது. கனிமங்களுக்குள் குமிழ்களாகச் சிறைப்பட்ட கரியமிலவாயுவை நுண்ணோக்கியில் கண்டார்கள்.

இரு தரப்பும் தத்தம் மலையில் கண்டதைத்தான் சொன்னார்கள். கப்பல் மலையில் நடந்தது உருமாற்றம், அதில் ஐயமில்லை. பல்லாவரம் பாறையின் வேதியியல் உருகிய குழம்பின் வேதியியல். அது உறைந்த ஆழத்திலேயே வறண்ட வெப்பத்தில் மறுபக்குவம் அடைந்திருக்கிறது. ஆழ்நிலைத் தீப்பாறைகளின் சர்வதேச வகைப்பாட்டில் சார்னோக்கைட்டுக்குத் தனி இடம் கொடுத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆகவே இங்கே அதைத் தீப்பாறை என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். கதை அத்தோடு முடியவில்லை என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

விரிசலில் இறுகிய குழம்பு

டோலரைட்டின் பிறப்பில் இத்தகைய வழக்கு ஏதுமில்லை. மேலோட்டுக்கும் கீழே இருக்கும் கவச அடுக்கு ஓரளவு உருகி, 1,200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் குழம்பாகி, மேலோடு இழுபட்டுப் பிளந்த இடங்களில் ஏறி வந்தது. தரைக்கு வந்து வழிந்திருந்தால் பசால்ட் ஆகியிருக்கும். தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் அப்படித்தான் வழிந்து படர்ந்தது. மிக ஆழத்தில் பெரிய பைக்குள் தேங்கி மெதுவாக ஆறியிருந்தால் கேப்ரோ. இரண்டுக்கும் நடுவே விரிசலில் மாட்டியது டோலரைட். நிலத்தில் அது நிற்பது நீண்ட, ஒடுங்கிய சுவராக. புவியியலார் அதை டைக் என்பார்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய நைஸ் பாறையையும் சார்னோக்கைட்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு இத்தகைய டைக்குகள் ஓடுகின்றன. எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. பெங்களூரை ஒட்டிய பெரிய டைக் கூட்டத்துக்கு யுரேனியம்-ஈயம் முறையில் கண்ட வயது ஏறத்தாழ 237 கோடி ஆண்டு. திருவண்ணாமலைப் பக்கம் அதைவிட இளையவையும் உண்டு. எப்படியானாலும் முதலில் இருந்தது சார்னோக்கைட், அது குளிர்ந்து கெட்டிப்பட்டுப் பிளக்கும் நிலைக்கு வந்த பிறகு ஊடுருவியது டோலரைட்.

ஆறிய வேகத்தை ஒரு எளிய கணக்கால் காட்டலாம். பாறை வழியே வெப்பம் பரவும் வேகம் நமக்குத் தெரியும். அதைவைத்துப் பார்த்தால் 30 மீட்டர் அகல டைக் ஒன்று உறைய ஏழெட்டு ஆண்டு போதும், 50 மீட்டர் அகலமானால் 20 ஆண்டு. ஒரு மனித ஆயுளுக்குள் முடிந்த வேலை. சார்னோக்கைட் கிடந்த ஆழத்தில் வெப்பம் குறைய லட்சக்கணக்கில், சில வேளை கோடிக்கணக்கில் ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த நேரம்தான் அதன் படிகங்களைக் கண்ணுக்குத் தெரியும் பருமனுக்கு வளர்த்தது. டோலரைட்டின் படிகங்கள் ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டன. டைக்கின் ஓரத்தில், பக்கத்துக் குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில், அதுகூட வளர நேரமில்லாமல் மாவு போல் நுண்மையாக உறைந்துவிட்டது.

டோலரைட்டில் சிலிக்கா 50 விழுக்காடு அளவில்தான். குவார்ட்ஸ் அநேகமாக இல்லை. குச்சி குச்சியான பிளேஜியோகிளேஸும் ஆகைட் என்ற பைராக்சீனும், அவற்றோடு இரும்பு-டைட்டானியம் ஆக்சைடுகளும். பனையோலைத் தடுக்கின் பின்னல் போல ஃபெல்ஸ்பார்க் குச்சிகள் எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்க, இடைவெளிகளை ஆகைட் நிரப்பியிருக்கும். சம்மட்டியடி எந்தத் திசையில் விழுந்தாலும் இந்தக் கல் எளிதில் பிளக்காமல் தாங்குவது இந்தப் பின்னலால். இனியும் ஒன்று உண்டு. நம் தென்னிந்திய டைக்குகள் பலவற்றில் ஃபெல்ஸ்பாருக்குள்ளேயே இரும்பு ஆக்சைடின் நுண்துகள்கள் மேகம் போல் படர்ந்திருக்கின்றன. மற்ற நாட்டு டோலரைட்டுகளில் வெளிறித் தெரியும் ஃபெல்ஸ்பார் இங்கே கருத்திருப்பது இதனால். மெருகேற்றினால் கண்ணாடிக் கருப்பு வருவதன் காரணமும் இதுதான்.

அந்தக் கருப்புக்கு உலகச் சந்தை உண்டு. விழுப்புரம் மாவட்டம் குன்னத்தின் கல் வியாபாரத்தில் ‘குன்னம் பிளாக்’ என்றே பெயர் பெற்றது. அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே குவாரி நடத்தியிருக்கிறது. திருவொற்றியூருக்குப் பக்கத்திலேயே மணலியில் கிரானைட் டைல் ஆலையையும் அதே நிறுவனம் அமைத்தது. தமிழ்நாட்டுக் கருங்கல் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போவது பெரும்பாலும் கல்லறைக் கல்லாகத்தான். சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கரையிலிருந்து சார்னோக்கைட் போனது. முந்நூறு ஆண்டுக்குப் பிறகு அந்த வேலையை டோலரைட் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் டோலரைட்டின் மிகப் பழைய பெருமை இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச். அங்குள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை வேல்ஸின் பிரசெலி மலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் இழுத்து வரப்பட்ட டோலரைட். அந்தத் தொலைவைப் பார்த்தால் குன்னத்திலிருந்து ராயபுரம் அருகில்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால்

காசிமேட்டுச் சுவரில் நின்று இவற்றை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல நீலச் சாயலில் குவார்ட்ஸ் மின்னினால் அது சார்னோக்கைட். சில துண்டுகளில் செந்நிறக் கார்னெட் பொட்டுகளும் தெரியும். குவார்ட்ஸே இல்லாமல், பரப்பு முழுவதும் ஒரே சீராக, உருப்பெருக்கி வைத்தால் மெல்லிய குச்சிகள் தெரிந்தால் டோலரைட். வெயில்பட்ட தோலும் சொல்லும். டோலரைட்டின் தோல் துருப்பிடித்த செம்பழுப்பு, நாளானால் வெங்காயத் தோல் போல் உரிந்து உருண்டையாகும். சார்னோக்கைட் வெளுத்த பழுப்பில் நிற்கும். ஒரே அளவுள்ள இரு துண்டுகளை இரு கையிலும் தூக்கினால் வேறு சான்றே வேண்டாம். டோலரைட் அவ்வளவு கனம். சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல் என்று தேர்வது போலவே குவாரித் தொழிலாளிகளும் உளி படும் ஓசையில் உள்விரிசலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தக் கருவியையும்விட அந்தக் காது எனக்கு நம்பகமானது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நல்ல குணம், மைக்கா அடுக்குகள் இல்லாதது. நைஸ் பாறையில் மைக்கா வரிவரியாகப் படிந்திருக்கும், அந்த வரியில் கல் பிளந்து கொடுக்கும். அலை அடித்துப் புரட்டும் இடத்தில் அது பலவீனம். நீரில்லாமல் பிறந்த சார்னோக்கைட்டுக்கும் விரிசலில் பின்னி இறுகிய டோலரைட்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை. இரண்டும் நீரை உறிஞ்சுவதும் மிகக் குறைவு. உப்புநீர் உள்ளே புகுந்து, வெயிலில் காய்ந்து, உப்புப் படிகம் வளர்ந்து கல்லை உடைப்பது இவற்றில் மிக மெதுவாகத்தான் நடக்கும். இந்த நுண்துளையின்மையை நகரம் வேறு வகையிலும் கண்டது. கல் எடுத்து முடிந்த சிக்கராயபுரம் குவாரிக் குழிகளில் மழைநீர் ஆண்டுக்கணக்கில் நின்றது. 2017இன் வறட்சியில் அந்த நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள்.

வேதியியல் அரிப்பைத் தாங்குவதில் சார்னோக்கைட் முந்தும். கற்குழம்பில் முதலில், அதிக வெப்பத்தில் படிகமாகும் கனிமங்களே வெளியில் வந்தபின் முதலில் சிதையும் என்று 1938இல் சாமுவேல் கோல்டிச் காட்டினார். ஆகைட்டும் கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரும் அந்த வரிசையின் முன்பக்கம், குவார்ட்ஸ் கடைசி. ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கணக்கு. 50 ஆண்டு நிற்கவேண்டிய கடற்சுவருக்கு அது பொருட்டல்ல. அங்கே பொருட்படுத்தவேண்டியது வேறு: கனம்.

கடலுக்குள் எடை

அலைத் தடுப்பின் மேலடுக்கில் போடும் பெருங்கற்களுக்கு எவ்வளவு எடை வேண்டும் என்பதைச் சொல்லும் சூத்திரத்தை 1959இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் விக்ஸ்பர்க் ஆய்வகத்தில் ராபர்ட் ஹட்சன் தந்தார். உலகெங்கும் முதற்கட்டக் கணக்குக்கு இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் அலை உயரத்தின் மும்மடி வருகிறது. இரண்டு மடங்கு உயர அலைக்கு எட்டு மடங்கு எடையுள்ள கல் வேண்டும். பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு மும்மடியும் அதில் இருக்கிறது. கல்லின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியைவிட எவ்வளவு அதிகம் என்பதன் மும்மடி.

சார்னோக்கைட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. நல்ல டோலரைட் 3,000. தரையில் வித்தியாசம் 11 விழுக்காடு மட்டுமே. கடலில் மூழ்கினால் இரண்டுமே கன மீட்டருக்கு 1,025 கிலோவை இழக்கும். மிஞ்சுவது 1,675, 1,975. வித்தியாசம் 18 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. அதை மும்மடியாக்கும்போது பெரிய இடைவெளி விழுகிறது.

எடுத்துக்காட்டாக 3 மீட்டர் உயர அலை சுவர்மேல் உடைகிறது, சுவரின் சரிவு ஒன்றுக்கு இரண்டு, கரடுமுரடான கற்கள் இரண்டு அடுக்கு என்று கொள்வோம். நிலைப்பு எண்ணை 2 என்று வைத்தால், சார்னோக்கைட் கல் ஒவ்வொன்றும் 4.2 டன் இருக்கவேண்டும். டோலரைட்டுக்கு 2.8 டன் போதும். மூன்றில் ஒரு பங்கு குறைவு. திருப்பிப் பார்த்தால், அதே 4.2 டன்னில் டோலரைட்டைப் போட்டால் 3.4 மீட்டர் அலை வரை தாங்கும்.

இதை மிகைப்படுத்தக் கூடாது. மொத்த டன் கணக்கில் சேமிப்பு பெரிதல்ல. கல் சிறியதானால் அடுக்கின் தடிமன் 2.3 மீட்டரிலிருந்து 2 மீட்டராகக் குறையும், ஆனால் கல் கனமானது. கூட்டிக் கழித்தால் மேலடுக்கின் மொத்த எடை சுமார் 6 விழுக்காடுதான் குறைகிறது. லாபம் வேறிடத்தில் இருக்கிறது. வெடிவைத்து உடைக்கும் குவாரியில் 4 டன்னுக்கு மேற்பட்ட முழுக்கல் கிடைப்பதுதான் அரிது. பெரிய கல் போதாதபோது சிறியது கலக்கிறது, அந்தச் சிறியது முதல் மழைக்காலத்து அலையிலேயே உருண்டுபோகிறது. சுவர் சரிகிறது, மறுபடி லாரிகள் வருகின்றன. குப்பத்து மக்கள் பல முறை பார்த்த காட்சி இது. எளிதில் கிடைக்கும் அளவுள்ள கல்லே போதும் என்றால் சுவர் சொன்னபடி கட்டப்படும் வாய்ப்பு கூடுகிறது.

அப்படியானால் ஏன் டோலரைட்டைப் போடுவதில்லை? விடை மறுபடி பிறப்பில் இருக்கிறது. சார்னோக்கைட் மலையாகவே நிற்கிறது, எவ்வளவு வெடித்தாலும் இருக்கும். டோலரைட் சில பத்து மீட்டர் அகலச் சுவராக மட்டுமே கிடைக்கிறது. அதன் நல்ல கட்டி ஏற்றுமதிக்குப் போகிற அருமையான சரக்கு, அதைக் கடலில் கொட்டச் சொல்பவர் யாருமில்லை.

ஆனால் கருங்கல் குவாரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டியெடுப்பதில் ஏற்றுமதிக்குத் தேறுவது சிறு பங்கு. நிறம் ஒத்துவரவில்லை, ஓரத்தில் மூளி, வெள்ளைக் கோடு ஓடுகிறது, வடிவம் சதுரமில்லை என்று ஒதுக்கிய கல் குவாரி ஓரங்களில் குன்றுகளாகக் கிடக்கிறது. மெருகு வியாபாரிக்கு ஆகாத வெள்ளைக் கோடு அலைக்கு ஒரு பொருட்டல்ல. சதுரமில்லாத வடிவம் அலைத் தடுப்புக்கு நல்லதும்கூட, மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு முதல் மூன்று நான்கு டன் வரையுள்ள ஒதுக்குக் கற்கள் அங்கே தாராளம். வைர வயர் கொண்டு அறுத்தவை என்பதால் வெடியின் அதிர்வில் உண்டாகும் உள்விரிசலும் அவற்றில் குறைவு.

தடைகளும் உண்டு. ஒதுக்கிய காரணமே விரிசல் என்றால் அந்தக் கல் கடலுக்கும் ஆகாது. கல்லைக் கல்லாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். இழுவைக் கூலி அதிகம். விழுப்புரத்திலிருந்து ராயபுரம் 100 கிலோமீட்டருக்கு மேல், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சார்னோக்கைட்டோ அருகில் இருக்கிறது. சுவரின் உள்வயிற்றுக்கும் அடிப்படுகைக்கும் அந்தக் கல்லே போதும், அங்கே டோலரைட்டைப் போடுவது வீண். நான் கேட்பது மேலடுக்குக்கு மட்டும். அதுவும் தூண்டில் வளைவுகளின் கடல்முனைக்கு, அலை மிகக் கடுமையாக மோதும் இடத்துக்கு.

இதை இருக்கையில் இருந்தபடி முடிவுசெய்ய வேண்டியதில்லை. டாமினும் நீர்வளத் துறையும் தமிழக அரசின் இரு கைகள். ஒன்றின் குவாரியில் கழிவாகக் கிடப்பது மற்றொன்று விலைகொடுத்துத் தேடும் பொருளாக இருக்கலாம். ஒதுக்குக் கற்களை எடைபோட்டு, அடர்த்தியும் நீருறிஞ்சலும் அளந்து, உயரத்திலிருந்து போட்டு உடைகிறதா என்று பார்த்து, ஐ.ஐ.டி.யின் அலைத்தொட்டியில் சோதித்து, பழுதுபார்க்கவேண்டிய ஒரு தூண்டில் வளைவின் முனையில் மட்டும் போட்டுப் பார்க்கலாம். மூன்று மழைக்காலம் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். அதுவரைக்கும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. அலைத் தடுப்புக்கான ஒப்பந்தப்புள்ளியில் கல்லின் எடையை மட்டும் எழுதாமல், எந்தப் பாறை, எந்தக் குவாரி, கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதையும் எழுதச் சொல்லுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் மீனவ ஊராட்சியினரும் கல் வந்து இறங்கும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும்.